கோதண்டம் போன வழி

காட்பாடியில் வண்டி மாறிச் சித்தூரில் இறங்கியபோது காலை ஒன்பது மணி. சுதந்திரம் எப்போது வரும் என்று பெட்டி முழுவதும் விவாதம் நடந்துகொண்டிருந்தது. என் மடியில், நான் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி இருந்தது. என் நண்பன் கோதண்டத்தைப் பற்றியது. பதினாலு வருஷத்துக்கு முன்பு வெதுருகுப்பம் சாலையில் யாரோ அவனை வெட்டிக் கொன்றார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். நானும் கோதண்டமும் அங்கேதான் படித்தோம். என் குடும்பம் சபையைச் சேர்ந்தது. அவன் நகரிப் பக்கத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. ஜெபத்துக்கு வரவேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. ஆனாலும் கீர்த்தனை பாடும் நேரத்துக்குச் சரியாக ஜன்னலோரம் வந்து நிற்பான். ராகம் பிடித்துவிட்டால் மாலை முழுவதும் அதையே தெலுங்கு வார்த்தை போட்டுப் பாடுவான். கம்பவுண்டுக்குள் மாமரங்கள் அப்படியே இருக்கின்றன. ஜன்னலுக்குப் புதுக் கம்பி போட்டிருக்கிறார்கள்.

படிப்பு முடிந்ததும் நான் சென்னைக்கு வாத்தியாராகப் போனேன். அவன் அம்மை குத்தும் உத்தியோகத்தில் சேர்ந்தான். அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றாலே ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரும்புத் தோட்டத்துக்குள் ஓடுகிற காலம் அது. கோதண்டம் சைக்கிளை ஊர் நடுவில் நிறுத்திவிட்டுப் பாட ஆரம்பிப்பான். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். தன் சட்டைக் கையைச் சுருட்டி, முதலில் தன் தழும்பைக் காட்டுவான்.

மதிய வண்டியில் பாகாலா வழியாகத் திருப்பதி போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷன் வாசலில் மொட்டை போட வந்த குடும்பங்களுக்கும் ஜட்கா வண்டிகளுக்கும் நடுவே, கூண்டு வண்டியோடு முனிரத்தினம் நின்றிருந்தார். கோதண்டத்தின் மனைவி செங்கம்மாவுக்கு அண்ணன். நான் வருவதாக அவளுக்குத்தான் எழுதியிருந்தேன். இவர் வருவார் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஏறு தேவசகாயம். உனக்காகத்தான் நின்னுகினு இருக்கேன்" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

கொலை நடந்தபோது ஊர் சந்தேகப்பட்டது இவரைத்தான். செங்கம்மாவைச் சென்னைக்கு அழைத்துப்போகக் கோதண்டம் முடிவு செய்திருந்தான். இவர், தங்கையை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது என்று சந்தையில் எல்லோர் முன்னிலையிலும் சண்டை போட்டார். அடுத்த வாரம் அவன் செத்துக் கிடந்தான். சைக்கிளும் மருந்துப் பெட்டியும் அப்படியே இருந்ததால் திருட்டு இல்லை என்றார்கள். போலீஸ் இவரைப் பிடித்து வைத்து, சாட்சி இல்லாமல் விட்டுவிட்டது. என் புத்தகத்திலும் இவர் பெயர் இருந்தது.

அவர் வீடு இருக்கும் திருச்சானூர் மூன்று மைல். வழியெல்லாம் அவர் மழையைப் பற்றியே பேசினார்.

விளக்கு வைத்ததும் செங்கம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். தலை நரைத்திருந்தது. "படிங்கண்ணா, கேக்கறேன்" என்றாள். சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் பாடும் இடம் வந்தபோது வாய்விட்டுச் சிரித்தாள். "தாளம் வராது அவருக்கு. அதையும் எழுதுங்க" என்றாள். சந்தைச் சண்டை வந்ததும் படிப்பதை நிறுத்தினேன். முனிரத்தினம் கொட்டகையில் மாட்டுக்கு வைக்கோல் போடும் சத்தம் கேட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க? எங்க அண்ணன் பேரு வருதா?"

தலையசைத்தேன்.

"நானும் ஒருவாட்டி கேட்டேண்ணா, நீதான் செஞ்சியான்னு. அழுதுட்டாரு. அது பயமா, துக்கமா, எனக்குத் தெரியல. போக்கிடம் இல்லாம இதே வூட்ல இருந்துகினு இருக்கேன். சில நாள் அவுருதான்னு தோணும். சில நாள், ஐயோ பாவம்னு தோணும்."

மறுநாள் காலை வெதுருகுப்பத்துக்குக் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் கிளம்பினேன். முனிரத்தினமும் கூடவே வந்து ஏறிக்கொண்டார். ஏற்றத்தில் பஸ் திணறியபோதெல்லாம் எல்லோரும் இறங்கி நடந்தோம். நிலக்கடலைக் காடும் கரும்பும் மாறி மாறி வந்தன. ஊருக்கு ஒரு மைல் முன்னால் ஓடைக்கரையில் அவர் என்னை இறக்கினார்.

"இங்கதான் கெடந்தான். நான்தான் தோள்ல போட்டுகினு போனேன்."

வெறும் மணலும் நாணல் புதரும்தான் இருந்தன. ஓர் ஆள் எருமைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூட ஜன்னலில் நின்ற முகத்தை இந்த மணலோடு சேர்த்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

"கேக்க வந்ததக் கேளேன்" என்றார் முனிரத்தினம்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"புத்தூருக்கு மாடு பாக்கப் போனேன். வெல படியல, திரும்பிட்டேன். என்னைப் பாத்தவன் ஒருத்தனும் இல்ல. போலீசுக்கும் இதான் சொன்னேன். சண்டை போட்டது நெஜம். அத எழுது. மத்தது உன் இஷ்டம்."

அவர் கண்களை வெகுநேரம் பார்த்தேன். கொலைகாரன் கண் எப்படி இருக்கும், குற்றமற்றவன் கண் எப்படி இருக்கும் என்று எனக்கு என்ன தெரியும்? "சரி" என்று மட்டும் சொன்னேன். அவர் ஓடையில் இறங்கி முகம் கழுவிக்கொண்டார்.

திருச்சானூருக்குத் திரும்பியதும் செங்கம்மாவிடம் விடைபெற்றேன். "கொன்னவன் யாருன்னு கண்டுபுடிக்கவா எழுதறீங்க? அவரு எப்படி இருந்தாருன்னு எழுதுங்கண்ணா. அது தெரிஞ்சவங்க நாம ரெண்டு பேருதான் மிச்சம்" என்றாள்.

ரேணிகுண்டாவில் சென்னை வண்டி நகரத் தொடங்கியபோது, முனிரத்தினம் ஓட்டமும் நடையுமாக வந்து ஜன்னல் வழியாக ஓர் இலைப் பொட்டலத்தை நீட்டினார். "புளிசோறு. வழியில துன்னு" என்றார். பிளாட்பாரம் முடியும்வரை கூடவே வந்தார்.

பொட்டலம் வெகுநேரம் மடியிலேயே சூடாக இருந்தது. புத்தூர் கடந்தது. மூக்கு நீட்டிய நகரி மலை தெரிந்தது. கோதண்டம் பிறந்த பக்கம். கையெழுத்துப் பிரதியை எடுத்து, ஊர் சொன்ன சந்தேகத்தை அடித்தேன். சண்டையை விட்டுவைத்தேன். ஓரத்தில் 'தாளம் வராது' என்று எழுதினேன்.

திருத்தணி வருவதற்குள் பசித்தது. பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டேன்.