நாங்கள் சொன்னதாகச் சொன்னது

தலத்தெருவில் ஒரு மாடி வீட்டில் ஒன்பது வருடம் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் காலி செய்து தரச் சொன்னார். நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கே போய்விட வேண்டும். கணவர் பள்ளிக்கூடத்தில் எழுத்தர். வீடு தேடி அலைய இரண்டு பேருக்கும் நேரமில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த தரகரிடம் சொன்னோம். நன்றாகத் தெரிந்தவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

முதல் வாரத்திலேயே கோவில்பத்தில் ஒரு வீட்டைத் திறந்து காட்டினார். சின்ன வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் வயல் தெரிந்தது. கொல்லைக் கிணற்றில் இறைத்துக் குடித்துப் பார்த்தேன். கடற்கரை ஊரில் உப்புக் கரிக்காத தண்ணீர். எனக்கு அந்த இடத்திலேயே பிடித்துப்போய்விட்டது.

“வீட்டுக்காரங்கள ஒரு தடவை பாத்துப் பேசலாமாண்ணே?” என்றேன்.

“அவங்க முஸ்லிம் வீட்டம்மா, தங்கச்சி. வூட்டுக்காரரு தவறிட்டாரு. மகனுங்க ரெண்டு பேரும் சவுதியில. ஆம்பளை இல்லாம வெளியாளுங்களோட பேச மாட்டாங்க. அதுக்குத்தானே நான் இருக்கேன்?”

நான் தலையாட்டினேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தலையாட்டல்தான் உறுத்துகிறது. தினமும் காலையில் அப்படிப்பட்ட பத்துப் பெண்களுக்காவது நான் ரத்தம் எடுக்கிறேன். ஊசி குத்துவதற்குள் மகன், மருமகள், முட்டிவலி எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுவார்கள். பேச மாட்டார்கள் என்று ஒருவர் சொன்னதும் நான் எப்படி நம்பினேன்?

அவர் சொன்ன விலைக்குப் பக்கத்திலேயே நாங்கள் கேட்டோம். இரண்டு நாள் கழித்து, புள்ளைங்க சம்மதிக்கவில்லை என்றார். அடுத்த வாரம், வேறு பார்ட்டி முடித்துவிட்டதாகச் சொன்னார். “உங்களுக்கு யோகமில்ல தங்கச்சி” என்று வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டது போல்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் காட்டிய வீடுகள் எல்லாம் ஒன்றைவிட ஒன்று மோசம். ஒன்றில் சுவர் விரிசல் விட்டிருந்தது. இன்னொன்றுக்குப் போக வழியே இல்லை. வீட்டுக்காரர் தினமும் மாடிக்கு ஏறிவந்து எப்போது என்று கேட்கத் தொடங்கினார். ஐந்தாவது மாதம் தரகர் ஓடி வந்தார். கோவில்பத்து வீட்டை வாங்கியவர் மாற்றலாகிப் போகிறாராம், நமக்கே தரச் சம்மதித்துவிட்டாராம். விலை ஏறியிருந்தது. அவரே ஒரு வக்கீலையும் ஏற்பாடு செய்தார். நான் என் வளையல்களை விற்றேன். பத்திர ஆபீசில் விற்கிறவர் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தரகர் எங்களுக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார்.

போன கார்த்திகையில், மழை விடாத ஒரு காலை. வெள்ளைத் துப்பட்டி போட்ட வயதான அம்மா ஒருவர் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தார். விலாசம் கேட்டேன். கோவில்பத்து என்று தெருவும் கதவு எண்ணும் சொன்னார். என் வீட்டு எண்.

“இல்ல இல்ல, அது பழைய வீடு. வித்துட்டோம். இப்ப மக வீட்டுல இருக்கேன். வாயில அதுதான் முன்னாடி வருது” என்று சிரித்தார்.

கையில் பட்டையைக் கட்டிக்கொண்டே, யாருக்கு விற்றீர்கள் என்று கேட்டேன்.

“யாரு கேட்டா விக்கிறதுக்கு? ஒரே ஒரு குடும்பம் வந்து பாத்துச்சாம். வீடு நல்லாருக்கு, ஆனா சாயபு வீடு, நாங்க பொழங்க முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களாம். புரோக்கர் தம்பிதான் வந்து சொன்னாரு. இனிமே யாரும் வரமாட்டாங்க, கொறச்சுக் குடுத்துடுங்கன்னாரு. கடைசியில அவரு மச்சினனே வாங்கிக்கிட்டாரு. நமக்காக வாங்குறாங்களேன்னு நெனச்சேன்.”

ஊசி உள்ளே இருந்தது. பத்திர ஆபீசில் பேசாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனவர் அந்த மச்சினன்தான் என்று புரிந்தது. ரத்தத்தை எடுத்து முடித்து, பஞ்சை வைத்து அழுத்தினேன்.

“அம்மா, வந்து பாத்தது நாங்கதான். இப்ப அந்த வீட்டுல இருக்கறதும் நாங்கதான். நாங்க அப்படிச் சொல்லவே இல்லம்மா. உங்க கெணத்துத் தண்ணிய நான் ரெண்டு டம்ளர் குடிச்சேன்.”

அவர் பஞ்சைத் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லலியா?”

“சொல்லலம்மா.”

“நாப்பது வருஷம் அந்தத் தெருவுல இருந்தேன். அவரு வந்து அப்படிச் சொன்னதும், அக்கம்பக்கத்துல எல்லாரும் மனசுக்குள்ள அப்படித்தான் நெனச்சிருப்பாங்களோன்னு ஆயிப்போச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லிக்காமலே கெளம்பி வந்துட்டேம்மா.”

பிறகு, ரிசல்ட் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். அவர் என்னை நம்பினாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலமே தரகரின் கடைக்குப் போனேன். டீ வரவழைத்தார். நான் தொடவில்லை. மறுப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். மறுக்கவே இல்லை.

“ஒங்களுக்கு வீடு கெடச்சிச்சு. அந்தம்மாவுக்குக் காசு கெடச்சிச்சு. நான் யாரையாச்சும் நடுத்தெருவுல விட்டனா தங்கச்சி?”

“நாங்க சொன்னதா ஏன் அப்படிச் சொன்னீங்க?”

“ஒங்க பேரச் சொல்லலியே. ஒரு பார்ட்டின்னுதானே சொன்னேன்.”

“நீங்க யாருக்குப் புரோக்கர்? எங்களுக்கா, அவங்களுக்கா?”

“ரெண்டு பேருக்குந்தான்” என்றார். அதில் கேலி இல்லை. உண்மையிலேயே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

வேறு ஒரு வக்கீலிடம் கேட்டோம். பத்திரம் சுத்தமாக இருக்கிறது, வாயால் சொன்னதற்குச் சாட்சி எங்கே என்றார். “இதே ஊர்லதானே இருக்கணும், விடு” என்றார் கணவர். அந்த அம்மாவை வீட்டுக்கு ஒருமுறை வந்து போகும்படி அழைத்தேன். அடுத்த பரிசோதனைக்கு வந்தபோதும் அழைத்தேன். வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. மாடிப்படி ஓரம் மழைக்கு ஒழுகும், பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னார்.

போன மாதம் ஓர் இளம் தம்பதி எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தரகர்தான் அனுப்பியிருந்தார். தான் முடித்துக்கொடுத்த வீட்டைப் போய்ப் பார்த்து, எங்களையே விசாரித்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறார். எவ்வளவு தைரியம்! உட்காரவைத்து ஒன்று விடாமல் சொன்னேன். விற்கிறவரை நேரில் பாருங்கள், வக்கீலை நீங்களே பிடியுங்கள் என்றேன். அந்தப் பெண் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். சமையலறை ஜன்னல் வழியே வயலைப் பார்த்தாள்.

“ஆனா அக்கா, கடைசியில உங்களுக்கு நல்ல வீடாத்தானே அமைஞ்சிருக்கு?” என்றாள்.

காப்பி டம்ளரை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அந்தத் தரகர் மூலமாகவே இடம் பார்த்து, அட்வான்ஸும் கொடுத்துவிட்டார்களாம்.