தங்கச்சி சொன்னது

மண்ணெண்ணெயில் கை துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போன பிறகுதான் எங்கள் வீட்டுத் தொலைபேசியைத் தொடுவார் அந்தப் பெயின்டர். ஓய்வுபெற்று அண்ணாமலை நகரில் நான் வாங்கிய வீட்டுக்கு 2004இல் வெள்ளையடிக்க வந்தவர். இலங்கையிலிருந்து படகேறி வந்து, கடலூர்ப் பக்கத்து அகதி முகாமில் குடும்பத்தோடு இருந்தார். நான் பெயின்ட் டப்பாக்களைக் காலையிலும் மாலையிலும் எண்ணுவேன். "ஐயா எங்கட முகாமுக்கு வந்தா ஆபிசருக்கு வேலை போயிடும்" என்று ஏணிமேல் நின்று சிரிப்பார்.

முகாமில் தலையெண்ணிக்கைதான் எல்லாம். செக்கிங் என்று சொன்ன நாளில் ஒவ்வொருவரும் நேரில் நிற்க வேண்டும். இல்லாதவர் பெயரை அடித்துவிடுவார்கள். அரிசியும் உதவித்தொகையும் நின்றுபோகும். சிம் கார்டு வாங்க அவருடைய அகதி அட்டை செல்லவில்லை. ஆகவே இலங்கையில், வன்னியில் மகளோடு இருந்த தங்கைக்கு எங்கள் வீட்டு எண்ணைக் கொடுத்திருந்தார். 2009இல் அங்கே போர் முற்றியது. யாருடைய செயற்கைக்கோள் தொலைபேசியாவது கிடைத்தால் அந்தப் பெண் அழைப்பாள். அதற்காகவே, வேலையில்லாத நாளிலும் பஸ் ஏறி வந்து எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பார்.

கடைசி அழைப்பு ஒரு செக்கிங் நாளில் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"அண்ணா நிக்கிறாரோ?"

இல்லையம்மா, முகாமில் செக்கிங் என்றேன். அவளுக்குப் பின்னால் வெடிச் சத்தம். ஏதோ வேகமாகச் சொன்னாள். இணைப்பு அறுந்தது.

மறுநாள் வந்தவரிடம், அவள் சொன்னதைச் சொன்னேன். கடலேரியைக் கடந்து வெளியே வரப் போகிறார்கள். மகளும் கூட நிற்கிறாள். யோசித்துக் கவலைப்பட வேண்டாம். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லுங்கோ ஐயா" என்றார். சொன்னேன்.

என் மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை. "ஊர்ல இருக்கறத எல்லாம் எண்ணுறீங்க. அந்தப் பொண்ணு சொன்னத ஒரு சீட்டுல எழுதி வெச்சா இன்னா?"

மே மாதம் போர் முடிந்தது. அழைப்பு வரவில்லை. அங்கே முள்வேலி முகாம்களில் அடைபட்டு வெளியே வந்தவர்கள் யாரும் தாயையும் மகளையும் பார்த்ததாகச் சொல்லவில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் பத்திரிகைக்கு ஓர் எண். நான் அவற்றை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "எனக்கு ரெண்டே பேர்தான் ஐயா" என்றார். நாளிதழ்களை மடித்துவிட்டேன்.

அதன்பின் வரும்போதெல்லாம் கேட்பார், தங்கச்சி சொன்னதைச் சொல்லச் சொல்லி. கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். மகளும் நிற்கிறாள் என்னும் இடத்தில் தலையசைப்பார். தாய் போயிருந்தாலும் பிள்ளை கரையேறியிருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

2012 பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தபோதும் கேட்டார். சொன்னேன். முடித்த பின்னும் அவர் கண் திறக்கவில்லை.

"மகளும் நிக்கிறாள் எண்டதை விட்டிட்டியள்."

"ஆமாமா, அதையும் சொன்னாள்."

"அவள் சொன்னவளோ ஐயா? இல்லாட்டி, நான் கேட்டுக் கேட்டு நீங்கள் சொல்லுறியளோ?"

யோசித்துப் பார்த்தேன். அண்ணா நிக்கிறாரோ என்று அவள் கேட்டது இப்போதும் அப்படியே காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் சொற்களெல்லாம் அவருடைய குரலில்தான் கேட்கின்றன.

"சொன்னாள்" என்றேன்.

அவர் தலையசைக்கவில்லை.