ஆனேக்கல் பக்கத்தில் இஞ்சி நசுக்கிய குண்டு

2006 டிசம்பரில், பெங்களூர் சிவாஜிநகரில் பழைய சாமான் வாங்கும் ஒரு குஜிரிக் கடையில், பழைய குக்கர்களுக்கும் ஃபேன் றெக்கைகளுக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகடு கண்ணில் பட்டது. உரிந்த பச்சைப் பெயின்ட், ஓரத்தில் வரிசையாக ரிவெட். இரண்டாம் உலக யுத்த காலத்துச் சண்டை விமானத்தின் தகடு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. கடைக்காரரை நச்சரித்ததில், ஆனேக்கலைத் தாண்டி ஒரு கிராமத்தின் பெயரைச் சொன்னார். அடுத்த சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம்.

விழுந்த விமானங்களின் துண்டுகளைத் தேடிச் சேர்ப்பது என் பைத்தியம். எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் பின்கட்டில் ஓர் அலமாரி முழுக்க அதுதான். என் கணவர் எட்வின் அதை "ஜெஸ்ஸியோட பேரீச்சம்பழக் கடை" என்பார். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கூட வந்துவிடுவார், வழியில் எங்காவது பிரியாணி கிடைக்கும் என்ற நம்பிக்கையில். எனக்கு ஒரே ஒரு விதி உண்டு. விமானி செத்துப்போன இடத்தில் நான் மண்ணைக் கிளற மாட்டேன். இங்கே விமானி பாராசூட்டில் இறங்கி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார் என்று குஜிரிக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். அதனால்தான் போனேன்.

மார்க்கெட்டிலிருந்து ஆனேக்கலுக்கு பஸ், 36 கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். ஹெப்பகோடி வரை நின்றுகொண்டே போக வேண்டியிருந்தது. அங்கே ஃபேக்டரி ஆட்கள் இறங்கியதும் உட்கார இடம் கிடைத்தது. ஆனேக்கல் ஸ்டாண்டில் நவாஸ் என்ற ஆட்டோக்காரரைப் பிடித்தோம். எட்டு கிலோமீட்டர் போக, காத்திருக்க, திரும்ப எல்லாம் சேர்த்து 250 ரூபாய். நீங்கள் போனாலும் இப்படியே பேசிக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் காலி ஆட்டோ கிடைக்காது.

நிலத்துக்காரர் நஞ்சப்பா ராகி அறுவடையை முடித்துவிட்டு ஓய்வாக இருந்தார். வயலில் தேடிக்கொள்ள மறுப்பே சொல்லவில்லை. முதலில் ஜாக்கிரதையாக ஒன்றைக் கேட்டுவிடலாம் என்று, எனக்குத் தெரிந்த கன்னடத்தில், விமானத்துக் குண்டு யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று விசாரித்தேன். "விமானத" என்ற சொல் அவர் காதில் விழவில்லை போலிருக்கிறது.

"குண்டா? எல்லார் மனேலூ இதெ அம்மா. நம் மனேல் எரடிதெ" என்றார். எல்லார் வீட்டிலும் இருக்கிறதாம், அவர் வீட்டில் இரண்டாம்!

எட்வின் சத்தமில்லாமல் ஆட்டோவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். நஞ்சப்பாவின் மனைவி எங்களை உள்ளே கூப்பிட்டு, ஆட்டுக்கல்லில் நின்ற குழவியைத் தட்டிக் காட்டினார். மாவு அரைக்கும் குழவிக்குக் கன்னடத்தில் குண்டு என்றுதான் பெயர். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் கிரைண்டர். எல்லோருமாகச் சிரித்தோம். நவாஸ் சிரித்த சிரிப்பில் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு இரண்டு மணி நேரம் வரப்போரத்துக் கற்குவியலைப் புரட்டினோம். சின்னச் சின்னத் தகடுகள் சில கிடைத்தன, கையில் எடுத்தாலே உதிர்ந்தன. கடைசியில், ஒரு கல்லுக்கடியில், உள்ளங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் குழாய். மேலே துரு, உள்ளே இன்னும் பிசுபிசுப்பு. எஞ்சினின் பிஸ்டன் பின்! பல வருஷமாக நான் தேடிக்கொண்டிருந்த சாமான். நஞ்சப்பாவிடம் காட்டி, கேட்டு வாங்கிக்கொண்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

"இத வச்சு என்ன பண்ணப் போற?" என்றார் எட்வின். எப்போதும் கேட்கும் கேள்வி.

"சும்மா பாத்துட்டிருப்பேன்" என்றேன். எப்போதும் சொல்லும் பதில்.

ஊர் முனையில் ஒரு டீக்கடை. நடத்துபவர் முனிரத்னா, தமிழ்நாட்டுத் தளிப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த தமிழ்க்காரர். மூன்று இஞ்சி டீ சொன்னோம். அவர் உள்ளே திரும்பி, "ரீ, ஆ குண்டு எல்லி இட்ரீ?" என்றார், குண்டை எங்கே வைத்தீர்கள் என்று கணவரிடம். எட்வின் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் சிரித்தபடி நிமிர்ந்தேன்.

முனிரத்னா கையில் இருந்தது குழவி இல்லை. மரப்பிடி போட்ட, கட்டைவிரல் தடிமனில் ஓர் இரும்பு. நசுக்கும் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே, சுற்றிலும் ஒரு செப்பு வளையம். அந்த வளையத்தை நான் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விமானத்துப் பீரங்கியின் குண்டில்தான் அது இருக்கும்.

"ணங்" என்று இஞ்சியில் ஒரு போடு போட்டார்.

"அக்கா, நிறுத்துங்க!"

"இன்னாம்மா, இஞ்சி வேணாமா?"

"அது குண்டு அக்கா."

"ஆமா, குண்டுதான்" என்று அடுத்த போடுக்குக் கையை ஓங்கினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. காலையிலிருந்து நாங்களே அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். "வெடிக்கிற குண்டு, அக்கா! பிளேன்ல இருந்து விழுந்தது!" என்று கத்தினேன். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"காட்ல கெடச்சதும்மா. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இதுலதான் நசுக்கறேன். ஒன்னும் ஆவலயே?" குரல் மட்டும் இறங்கிவிட்டது.

ஆகாது என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த வகைக் குண்டில் முனை முழுக்க ஒரே இரும்பாக இருந்தால் உள்ளே மருந்து இல்லை. முனையில் திருகு மூடி மாதிரி ஒன்று இருந்தால், மருந்து உண்டு, ஒரு நல்ல அடி போதும். எது என்று பார்க்கத்தான் வழியில்லை. தச்சரான அவர் கணவர் முனிராஜு கூர்முனைப் பக்கத்தைத்தான் மரப்பிடிக்குள் இறக்கியிருந்தார், அதுவும் சுத்தியலால் அடித்து. அதைச் சொல்லும்போது அந்த மனிதருக்கு முகமே வெளுத்துவிட்டது.

ரவை மூட்டை ஒன்றின் மேல் அதை மெதுவாக வைக்கச் சொன்னேன். வைத்தார். அடுப்பை அணைத்துவிட்டு எல்லோரும் ஆலமரத்துக்கு அப்பால் போய் நின்றோம். போனில் சிக்னல் இல்லை. "நானு போயி போலீஸ கூட்டினு வரேன்" என்று நவாஸ் பறந்தார். காத்திருந்த நேரமெல்லாம் முனிரத்னா தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஜெபித்தேன். எட்வின் பிரியாணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

போலீஸ் வந்து கடையைச் சுற்றிக் கயிறு கட்டியது. பெங்களூரிலிருந்து வெடிகுண்டு நிபுணர் வந்து சேர மாலை நாலு மணி. எங்களை இன்னும் தள்ளி நிற்க வைத்துவிட்டு, கனமான உடையோடு உள்ளே போனார். மரம் பிளக்கும் சத்தம் கேட்டது. முனிரத்னா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். சிறிது நேரத்தில் நிபுணர் தலைக்கவசத்தைக் கழற்றியபடி வெளியே வந்தார்.

"முனை வெறும் இரும்பும்மா. பயிற்சிக் குண்டு. உள்ள மருந்தே கெடையாது."

முனிராஜு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எட்வின் என்னைக் கட்டிப்பிடித்தார், ஊர் பார்க்க. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இத்தனை வருஷம் அந்தப் பெண் நசுக்கிய ஒவ்வொரு இஞ்சித் துண்டுக்கும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மருந்து இல்லாவிட்டாலும் குண்டு குண்டுதான் என்று அவர்கள் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முனிரத்னா அடுப்பைப் பற்ற வைத்துப் பாலை ஏற்றினார். பிறகு கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அது இல்லாம இஞ்சி எதுல நசுக்கறது?"

எட்வின் என் பையைப் பார்த்தார். அவர் பேசியிருந்தால் கட்டாயம் சண்டை போட்டிருப்பேன். பிஸ்டன் பின்னை எடுத்து நீட்டினேன். முனிரத்னா உடனே வாங்கவில்லை. "இது வெடிக்காதே?" என்று கேட்டார். எஞ்சின் சாமான் என்று சத்தியம் செய்த பிறகு, புளி போட்டுத் தேய்த்துக் கழுவி ஒரு போடு போட்டுப் பார்த்தார்.

"கனம் நல்லாத்தான் இருக்குது. நடு ஓட்டையில இஞ்சி மாட்டிக்குது."

"ஆப்பு அடிச்சுத் தரேன்" என்றார் முனிராஜு. மத்தியானம் சொன்ன டீயை ஐந்தரை மணிக்குக் குடித்தோம். முனிரத்னா காசு வாங்க மறுத்துவிட்டார். நவாஸும் காத்திருந்ததற்கு மேற்கொண்டு ஒரு பைசா கேட்கவில்லை. பஸ்ஸில் மாலைக் கூட்டத்தோடு நெருக்கியடித்து வீடு திரும்பினோம், வெறும் பையோடு.

போகிறவர்களுக்கு: அறுவடை முடிந்த பிறகு போங்கள். நிலத்துக்காரரைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூடப் புரட்டாதீர்கள். செப்பு வளையம் போட்ட எதைக் கண்டாலும் தொடாமல் விலகி, போலீஸைக் கூப்பிடுங்கள். என் மாதிரி படத்தில் பார்த்ததை வைத்து மேதாவித்தனம் வேண்டாம், எங்களுக்கு அன்று இருந்தது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

ஊர்ப் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை, மண்வெட்டியோடு கும்பல் கிளம்பிவிடும். ஆனால் தளி சாலையில் போகும்போது ஏதாவது டீக்கடையில் "ணங், ணங்" என்று சத்தம் கேட்டால் வண்டியை நிறுத்துங்கள். என் சேகரிப்பிலேயே நல்ல சாமான் அங்கேதான் இருக்கிறது. இஞ்சி டீ சொன்னால் போதும், அவரே எடுத்துக் காட்டுவார்.