உச்சியில் ஒரு வில்

கொக்கியில் தொங்கிய கம்பிக்கட்டைத் தரையில் இறக்கி, பிரேக் போட்டு, கீழே இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் அவர் கையை கிரேன் கேபின் ஜன்னலுக்கு வெளியே நீட்டுகிறார். கட்டைவிரல் சூரியனை மறைக்கிறது. விரித்த சுண்டுவிரல் எட்டும் இடத்தில், சூரியனைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம்.

"உள்ஓரம் சிவப்பா இருக்கு பாத்தீங்களா? அப்ப இது ரொம்ப மேல, மேகத்துல இருக்கிற ஐஸ்தான். சிவப்பு வெளிய இருந்தா வெறும் தண்ணி மேகம்."

கட்டட வேலையில் கிரேன் ஓட்டும் அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆட்கள் வைத்த பெயர் 'வளையம்'. மழை வருமா என்று கேட்டால், "அதை மேகத்துக்கிட்ட கேளு" என்று வெட்டிவிடுவார். சூரியனுக்கு இருபுறமும் நிற்கும் வண்ணப் பொட்டுகள் அவருக்குக் 'காவக்காரங்க'. உச்சியில் கவிழ்ந்து கிடக்கும் வானவில்லைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

கேபின் மின்விசிறியைச் சரிசெய்யப் போன நான் அதைப் பற்றிக் கேட்டுவிட்டேன். வெகுநேரம் நெம்புகோலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பல்லாம் கீழ நின்னு கிரேனுக்குச் சைகை காட்டினது என் தங்கச்சி புருஷன். வளையம் வந்தா வாக்கி டாக்கியில சொல்லுவேன், அவனும் பாப்பான். அன்னிக்குக் காலையில தலைக்கு மேல அப்படி ஒரு நிறம். 'மாப்ளே, உச்சியில பாரு'ன்னேன். பாத்தான். நானும் பாத்துக்கிட்டே இருந்துட்டேன். பாரம் அதுபாட்டுக்குத் திரும்பிடுச்சு."

சுவருக்கும் கொக்கியில் தொங்கிய இரும்பு உத்திரத்துக்கும் நடுவே சிக்கியவர் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. காற்று அடித்துப் பாரம் திரும்பியது என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள்.

"நானும் ஆமான்னு கையெழுத்துப் போட்டேன்."

மூன்று வருடமாக வாக்கி டாக்கியில் வேலைப் பேச்சைத் தவிர வேறு பேச்சில்லை. பார்ப்பதை மட்டும் விட முடியவில்லை. "கண்ணு தானாப் போகுதுங்க. என்ன செய்யச் சொல்றீங்க?"

தங்கைக்கு அங்கேயே, கருவிகள் வைக்கும் அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். மதியம், அங்கே தொங்கும் ஹெல்மெட்டுகளுக்கடியில் அண்ணனும் தங்கையும் சாப்பிடுவார்கள். அன்று என்னையும் உட்காரச் சொன்னார்கள். விபத்தை நேரில் பார்த்த கொத்தனார் ஒருவர் சொன்னதாக அவள் பேச்செடுத்தாள்.

"அவரு கடைசியா வானத்தையே பாத்துக்கிட்டு நின்னாராம்ணே. வேலைன்னா பாரத்தை விட்டுக் கண்ணெடுக்க மாட்டாரே. அப்படி என்னத்தைப் பாத்திருப்பாரு?"

 அவர் தன் டப்பாவில் இருந்த ஒரே முட்டையை எடுத்து, தலை நிமிராமல், அவள் பக்கம் வைத்தார்.