அண்ணாவின் பாம்புக்கு நான் எழுதிய இரண்டாவது பெயர்

கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் என் அண்ணா தனியாக இருக்கிறார். தனியாக என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். கூடவே கண்ணாடித் தொட்டியில் ஆறடிப் பாம்பு ஒன்று உண்டு. துபாய்க்குப் போன நண்பர் விட்டுப் போனது. தென், மத்திய அமெரிக்கக் காடுகளின் போவா வகை. நம் மலைப்பாம்பு மாதிரி இரையைச் சுற்றி இறுக்கும், விஷம் கிடையாது. அண்ணா அதை 'மோளே', மகளே, என்றுதான் கூப்பிடுவார்.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார். வெளிநாட்டுப் பிராணி வளர்ப்பவர்கள் விவரம் தர வேண்டும் என்று அரசாங்கம் முதலில் கேட்டபோது, அண்ணாவுக்காக நான்தான் படிவம் நிரப்பினேன். அறிவியல் பெயர் என்ற இடத்தில் 'போவா கன்ஸ்ட்ரிக்டர்' என்று எழுதினேன். சில வருஷம் கழித்து மறுபடியும் பதிவு செய்யச் சொன்னார்கள். அதற்குள் நான் நாலு கட்டுரை படித்துவிட்டேன். மத்திய அமெரிக்கப் போவாக்களைத் தனி இனமாகப் பிரித்து, 'போவா இம்பரேட்டர்' என்கிறார்கள். தொட்டிக்கருகே உட்கார்ந்து வாலைப் பார்த்தேன். கன்ஸ்ட்ரிக்டருக்கு வால் சிவந்திருக்கும். இதில் சிவப்பே இல்லை, வெறும் பழுப்பு. இம்பரேட்டர்தான்! அண்ணாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்படியே எழுதி அனுப்பினேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

ஒரு சனிக்கிழமை காலை நான் அங்கே இருந்தபோது வன இலாகா அதிகாரி வந்து இரண்டு படிவங்களையும் மேசைமேல் வைத்தார்.

"மாஷே, இது ரெண்டு பாம்பாணல்லோ. மற்றது எவிடே?" வாத்தியாரே, இது இரண்டு பாம்பாச்சே, இன்னொன்று எங்கே என்கிறார்.

முதல் பாம்பை விற்றுவிட்டு வேறொன்றைத் திருட்டுத்தனமாக வாங்கியிருக்கிறோம் என்று அவருக்குச் சந்தேகம். அது உறுதியானால் பாம்பைக் கொண்டுபோய்விடுவார்கள். அண்ணாவின் முகம் செத்துவிட்டது. நான் இனம், துணையினம், வகைப்பாடு என்று பாடம் எடுத்தேன். அதிகாரி என் கடைசி பெஞ்சுப் பையன்களைப் போலவே ஜன்னலைப் பார்த்தார்.

அண்ணா கட்டிலுக்கடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தார். உள்ளே பாம்பு உரித்த சட்டைகள். ஒவ்வொன்றோடும் அன்றைய நாட்காட்டித் தாள்.

"தூரப் போட மனசு வரலை, சாரே," என்றார்.

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. பாம்பின் வயிற்றுச் செதில்களின் எண்ணிக்கை பிறந்ததிலிருந்து மாறாது. முதல் படிவத்துக்கு முந்தைய சட்டை ஒன்றையும் போன மாதத்துச் சட்டையையும் தரையில் விரித்தோம். அதிகாரி ஒன்றை எண்ணினார், நான் ஒன்றை. எனக்கு இரண்டு தடவை கணக்குத் தப்பியது. கடைசியில் எண்ணிக்கை ஒன்றாகவே வந்தது. வாலுக்குச் சற்று மேலே, இடப்பக்கம் பாதியாய் நின்றுபோன ஒரு செதில் இரண்டிலும் இருந்தது. தொட்டியில் இருந்தவளிடமும் இருந்தது.

அதிகாரி சிரித்துவிட்டார். ஆனாலும் எழுதித் தரச் சொன்னார். 'பாம்பு ஒன்றே. பெயரை மாற்றியதை முன்கூட்டித் தெரிவிக்காதது என் பிழை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது.

அவர் படியிறங்கியதும் அண்ணா பாம்பைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு இருக்கலாம் அல்லவா நான்?

"இருந்தாலும் இம்பரேட்டர்தான் சரி, அண்ணா."

"ஆயிக்கோட்டேடா, இருந்துட்டுப் போகட்டும்," என்றார், என்னைப் பார்க்காமலே. "இவளைக் கொண்டுபோயிருந்தா, அந்தச் சரியான பேரை வச்சுண்டு நான் என்ன பண்ணியிருப்பேன்?"