சவரிராஜின் மஞ்சள் கேப்சூல்

சிங்கப்பூர் தோ பாயோவில் எங்கள் பக்கத்து வீட்டுச் சவரிராஜுக்குக் கடவுளிடம் நம்பிக்கை உண்டு. அதற்கு அடுத்தபடி கேப்சூலிடம். கப்பல் பட்டறை ஸ்டோரில் வேலை. அங்கிருந்த டாக்டர் எதையும் கேப்சூலில்தான் கொடுப்பார் என்பதால், கேப்சூலில் இல்லாதது மருந்தே இல்லை என்று இவர் முடிவு கட்டியிருந்தார். முழங்கால் வலிக்கு மஞ்சள் நல்லது என்று யாரோ சொல்ல, சிராங்கூன் ரோட்டு மில்லில் அரைத்து வந்து, வெற்றுக் கேப்சூல் வாங்கி, ஞாயிறு பூசை முடிந்ததும் உட்கார்ந்து அடைப்பார். விரல், பனியன், மேசை விரிப்பு எல்லாம் மஞ்சள்.

மனைவி உர்சுலா அதை மதிக்கவில்லை.

“எண்ணெயில வதக்கி, மிளகு தட்டிப் போட்டாத்தாங்க மஞ்சள் உடம்புல சேரும். வெறுமனே முழுங்கினா வந்த வழியே போயிடும்.”

“சமையல் வேற, மெடிசின் வேற,” என்பார் அவர்.

குழம்புச் சாப்பாட்டுக்குப் பின் விழுங்கிய வரையில் வலி அடங்கியே இருந்தது. 1981இல், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில்தான் வினை பிடித்தது. எண்ணெய், தேங்காய்ப்பால், மிளகு எல்லாவற்றையும் நோன்புக்காக ஒறுத்து, தொடாமல் விட்டுவிட்டார். கஞ்சி, உப்பு, கேப்சூல். முட்டி வீங்கியது. கேப்சூலைக் கூட்டினார். முட்டி இன்னும் வீங்கியது.

புனித வெள்ளி சிலுவைப்பாதை ஊர்வலத்தில் இயேசுவாக மரச்சிலுவை சுமப்பவர் அவர்தான். தாடி வளர்த்ததே அதற்காக. “இந்த வருஷம் இயேசுதாசனுக்குக் கொடுத்துடலாமா?” என்று ஃபாதர் கேட்டுவிட்டார். இயேசுதாசனுக்கு முட்டி இரண்டும் நன்றாக இருந்தன. சவரிராஜ் வீட்டுக்கு வந்து அழுதார். எங்கள் சுவர் மெலிது. உர்சுலா மிளகு ரசத்தை நீட்டினாள். “நேர்ச்சை,” என்று தள்ளிவிட்டார். பிடிவாதத்துக்கு மருந்து ஏது!

ஃபாதரிடம் கெஞ்சி, சிலுவையைச் சுமந்தார். மூன்றாம் தலம், இயேசு முதல்முறை விழும் இடம். அங்கே முட்டி மடங்கி, சிலுவையோடு விழுந்தார். எழ முடியவில்லை. என்ன பக்தி என்று கூட்டமே விம்மியது. நானும் ஏமாந்து அழுதேன். உர்சுலா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், அவரைத் தூக்கி நிறுத்தி, சிலுவையின் பின்முனையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். ஐந்தாம் தலத்தில் இயேசுவுக்குச் சிலுவை தூக்கக் கைகொடுக்கும் சீமோனாகக் காத்திருந்த இயேசுதாசனுக்கு வேலையில்லாமல் போயிற்று.

ஈஸ்டரன்று அவள் கேப்சூல்களை உடைத்து, மஞ்சளை ஆட்டுக்கறிக் குழம்புக்குத் தாளித்தாள். மிளகும் தேங்காய்ப்பாலும் தாராளம். அவர் இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த தவக்காலத்தில் டிவியை ஒறுத்தார். முட்டி சொன்னபடி கேட்டது. மூன்றாம் தலத்தில் அங்கி அழுக்காகாமல் பார்த்து விழுந்து, உடனே எழுந்தார்.

“போன வருஷம் மாதிரி இல்லலா,” என்றாள் கூட்டத்தில் நின்ற அல்போன்சம்மாள், அவர் காதுபடவே.

வீட்டில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

“முட்டி வலிக்குதா?”

“இல்ல. யாருமே அழல, உர்சுலா.”

“போன வருஷம் உங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, குசினியில நான் அழுதது போதாதா? சாப்பிடுங்க.”