வேலிக்கு வெளியே

சும்பா பேசுவதெல்லாம் ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் நடுவில்தான். ஊர்க் கமிட்டி கூடுவதும் அவள் உரலைச் சுற்றித்தான். மற்றவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள். அவள் போர்த்துகீசியரை எதிர்த்துக் காட்டிலிருக்கும் போராளிகளுக்கு நெல் குத்திக்கொண்டிருப்பாள். சம்மதம் என்றால் உலக்கை நிற்காது. இல்லையென்றால் சுவரில் சாய்த்துவிடுவாள்.

போராளிகளின் கட்சிக்காரர்கள் முதன்முதலில் வந்து பேசிய பேச்சு அவளுக்கு நினைவில்லை. போர்த்துகீசியச் சிப்பாய்கள் கோழிகளைக் கால் கட்டித் தூக்கிப்போன ஊர் அது. இந்தப் பையன்கள் பசியோடு வந்தும் வேலிக்கு வெளியே நின்றார்கள். கூப்பிட்ட பிறகுதான் உள்ளே வந்தார்கள். தின்றுவிட்டுச் சட்டியைக் கழுவி வைத்தார்கள். "வாசல் எதுன்னு தெரிஞ்ச புள்ளைங்க," என்றாள். மகன் பியோம் அவர்களோடு போனபோது தடுக்கவில்லை.

அந்தப் பியோம்தான் போன கோடையில் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் பியாஃபாடா இனத்தாரின் மாட்டை ஓட்டிவந்து, கூட்டாளிகளோடு காட்டில் சுட்டுத் தின்றான். இக்கரையில் இருக்கும் பலாந்தா இனத்தில் பையன் மாடு திருடினால்தான் ஆம்பிளை. பெண்கள் நெல் குத்தும் பாட்டில் அவன் பெயரைச் சேர்ப்பார்கள். சும்பாவே அப்படிப் பாட்டில் கேட்ட பெயரைத் தேடிப் போய் வாழ்க்கைப்பட்டவள்.

ஓடங்கள் பியாஃபாடாக்களுடையவை. அரிசி போவதும் காயம்பட்டவர்கள் போவதும் அவற்றில்தான். மறுநாள் இக்கரையில் ஓர் ஓடமும் இல்லை.

கமிட்டியில் கிழவர்கள் மாட்டின் பருமனை வியந்தார்கள். பியோம் நல்ல போராளி, அக்கரையாரைப் பொறுத்துப்போகச் சொல்லலாம் என்று போராளிகளின் தளபதி இழுத்தான். சும்பா உலக்கையைச் சாய்த்தாள்.

"சிப்பாய் கோழி புடிச்சா திருட்டு. எம்மவன் மாடு புடிச்சா வீரமா, தம்பி?"

"உம் புருஷன் புடிக்காத மாடா, சும்பா?" என்று ஒரு கிழவர் சிரித்தார்.

"அவரு தோள்ல துப்பாக்கி இல்ல, பெரியப்பா. ஊருக்காகப் போறேன்னு சொல்லிட்டும் போகல."

அவளிடம் இருந்தது ஒரே மாடு. செத்துப்போன புருஷனுக்குச் சாவு விருந்தில் அறுக்க வளர்த்தது; அது நடக்கும்வரை அவருக்குக் கரையேற்றம் கிடையாது. ஆற்றில் நீர் வற்றும் நேரம் பார்த்து, முழங்கால் சேற்றில் அதை அக்கரைக்கு நடத்திப் போனாள். கயிற்றைப் பியோம் கையில் கொடுத்திருந்தாள்.

மாட்டைப் பறிகொடுத்த மாலாம் வீட்டு வேலிக்கு வெளியே இருவரும் நின்றார்கள். மாலாம் பார்த்தும் பாராதவர்போலத் தொழப் போனார். பியோம் முனகினான். "நில்லுடா. பசியோட வந்தவனுங்களே நின்னானுங்க," என்றாள். நிழல் திரும்பிய பிறகு மாலாம் வந்து மாட்டின் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"உள்ள வாம்மா," என்றார். "அவனும் வரட்டும்."

அந்த வாரமே ஓடங்கள் வந்தன. அரிசி வேண்டியிருந்தது, உரலைச் சுற்றிப் பெண்கள் கூடினார்கள். பழைய பாட்டை எடுத்தார்கள், மாடு கொண்டுவந்தவர்களின் பெயர்கள் வரிசையாக வரும் பாட்டு. சும்பாவும் பாடினாள். புருஷன் பெயரைக்கூட உரக்கத்தான் சொன்னாள். அடுத்தது பியோம். பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பெயர் வரவேண்டிய இடத்தில் அவள் உலக்கையை மட்டும் இறக்கினாள்.